கடவுளுக்கு முன்கதை உண்டா? மார்மன்களின் இறைக்கொள்கை

2007 டிசம்பரில், அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த மைக் ஹக்கபி, தம் போட்டியாளர் மிட் ராம்னியின் மதத்தைப் பற்றிச் செய்தியாளர் ஒருவரிடம் ஒரு கேள்வியை வீசினார்: இயேசுவும் சாத்தானும் சகோதரர்கள் என்றுதானே மார்மன்கள் நம்புகிறார்கள்? பின்னர் ராம்னியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் கேள்வி ஓயவில்லை. 2012இல் ராம்னி வேட்பாளரானபோது அது துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. கடவுள் முன்னொரு காலத்தில் மனிதராக இருந்தாராம். அவருக்கு மனைவி உண்டாம். நல்ல மார்மன் ஒருவர் இறந்தபின் சொந்தமாக ஒரு கோளைப் பெறுவாராம்.

இந்த நான்கு கூற்றுகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. முதலாவது, அவர்களுடைய வேதநூல்களிலிருந்து நேராகக் கிளைக்கும் முடிவு. இரண்டாவது, பிரசங்கத்தில் சொல்லப்பட்டு இன்றுவரை வேதத்தில் ஏறாதது. மூன்றாவது, போதிக்கப்படுகிறது, ஆனால் அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. நான்காவது பெரும்பாலும் கேலிச்சித்திரம். நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் தாக்குகிறவர்களும் தற்காக்கிறவர்களும் ஒருவரையொருவர் பொய்யர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பெயரும் நூல்களும்

'மார்மன்' என்பது மற்றவர்கள் வைத்த பெயர். சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முழுப்பெயரையே பயன்படுத்துங்கள் என்று அதன் அன்றைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். வாசிக்க எளிதாக இருக்கும் என்பதற்காகவே இங்கே பழைய பெயர் வருகிறது. தலைமையிடம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. உறுப்பினர் எண்ணிக்கை 1.7 கோடிக்கு மேல். ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் 24 வயதில், 1830 ஏப்ரல் 6 அன்று, நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது.

இவர்களுக்கு வேதநூல்கள் நான்கு: பைபிள், மார்மன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து. இவற்றுக்கு மேல், தலைவரைத் தீர்க்கதரிசி என்றே கருதுகிறார்கள். ஆனால் தீர்க்கதரிசி பேசியதெல்லாம் தானாக வேதமாகிவிடுவதில்லை. சபை மாநாட்டில் முன்வைத்து, உறுப்பினர்கள் கை உயர்த்தி ஏற்றுக்கொண்டால்தான் அது வேதம். விசுவாசப் பிரமாணம் என்று ஓதும் ஓர் உறுதிமொழியும் இவர்களிடம் இல்லை. ஆக, வேதத்துக்கும் வெறும் கருத்துக்கும் நடுவே அகலமான ஒரு திண்ணை இருக்கிறது. கடவுளின் முன்கதை உட்கார்ந்திருப்பது அந்தத் திண்ணையில்தான்.

மற்ற கிறிஸ்தவர்கள் சொல்வது

மார்மன்கள் எங்கே விலகுகிறார்கள் என்று அறிய, எதிலிருந்து விலகுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். கி.பி. 325இல் இன்றைய துருக்கியில் உள்ள நைசியாவில் கூடிய ஆயர்கள் வகுத்த வழியில், பெரும்பாலான கிறிஸ்தவ சபைகள் இரண்டு செய்திகளை அடிப்படையாகக் கொள்கின்றன.

1. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே சாரம் உடையவர்கள். ஆள் மூன்று, கடவுள் ஒருவர். இதுவே திரித்துவம்.

2. கடவுள் யாராலும் எதனாலும் ஆனவர் அல்லர். அவருக்கு உடல் இல்லை, தொடக்கம் இல்லை, மாற்றம் இல்லை. மற்ற எல்லாம் அவர் இன்மையிலிருந்து படைத்தவை. படைத்தவருக்கும் படைக்கப்பட்டவற்றுக்கும் இடையே உள்ளது தர வேறுபாடு அன்று, இன வேறுபாடு.

மார்மன்கள் இரண்டையும் ஏற்பதில்லை. விவாதங்கள் எல்லாம் முதல் செய்தியைச் சுற்றியே நடக்கின்றன. மூன்று கடவுளா, ஒரு கடவுளா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான பிளவு இரண்டாவதில் இருக்கிறது. கடவுளும் மனிதரும் ஒரே இனம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், மேலே சொன்ன நான்கு கூற்றுகளும் ஏன் எழுகின்றன என்பது தானே விளங்கிவிடும்.

மூவர், தனித்தனி ஆட்கள்

1843 ஏப்ரல் 2 அன்று இல்லினாய் மாநிலத்தின் ராமஸ் என்ற சிற்றூரில் ஸ்மித் பேசியவை பின்னர் கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 130ஆம் பிரிவாயின. அதன் 22ஆம் வசனம் சொல்வது இது: மனிதனுடையதைப் போலவே தொட்டறியக்கூடிய, மாம்சமும் எலும்புமான உடல் பிதாவுக்கு உண்டு, குமாரனுக்கும் உண்டு, பரிசுத்த ஆவியானவருக்கு மட்டும் அப்படியான உடல் இல்லை, அவர் ஆவியாலான ஆள். இது வேதம். இதில் எந்த மார்மனும் மழுப்புவதில்லை.

அப்படியானால் பைபிள் சொல்லும் 'ஒருவர்' என்பதற்கு என்ன பொருள்? நோக்கத்தில், அன்பில், செயலில் ஒன்று என்பது அவர்களின் விடை. யோவான் 17ஆம் அதிகாரத்தில் இயேசு, தானும் பிதாவும் ஒன்றாயிருப்பது போலச் சீடர்களும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று வேண்டுகிறார். சீடர்கள் பன்னிருவரும் கரைந்து ஓர் ஆளாகிவிட வேண்டும் என்று யாரும் இதற்குப் பொருள் சொல்வதில்லையே என்று கேட்கிறார்கள். வாதம் எளிமையானது; ஆனால் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று.

தமிழ் பைபிளை வாசித்துப் பழகியவர்களுக்கு இன்னொன்று வியப்பாக இருக்கும். 1916இல் சபைத் தலைமை வெளியிட்ட விளக்கத்தின்படி, ஏலோஹீம் என்ற பெயர் பிதாவைக் குறிக்கிறது. பழைய ஏற்பாட்டின் யெகோவா, மனிதராய்ப் பிறப்பதற்கு முந்தைய இயேசு. மோசேயிடம் பேசியவர் குமாரன் என்றாகிறது.

சிறிது சிறிதாக வளர்ந்த கொள்கை

இவை எல்லாம் 1830இலேயே முழுதாக இருந்தன என்று விசுவாசிகளில் பலர் கருதுகிறார்கள். அச்சேறிய பக்கங்கள் வேறு கதை சொல்கின்றன.

1. 1830இல் வந்த மார்மன் புத்தகத்தின் முதல் பதிப்பு மரியாளைக் 'கடவுளின் தாய்' என்றது. 1837 பதிப்பில் அது 'கடவுளுடைய குமாரனின் தாய்' என்று திருத்தப்பட்டது. கிறிஸ்துவே பிதாவும் குமாரனும் என்று சொல்லும் பகுதி மோசியா 15ஆம் அதிகாரத்தில் இன்றும் இருக்கிறது.

2. 1835இல் கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலோடு சேர்த்து அச்சிடப்பட்ட விசுவாச விரிவுரைகளில் ஐந்தாவது, பிதாவை 'ஆவியான ஆள்' என்றும் குமாரனை 'உடலுள்ள ஆள்' என்றும் பிரித்தது. அந்த விரிவுரைகள் 1921இல் நூலிலிருந்து நீக்கப்பட்டன.

3. 1836 தொடக்கத்தில் ஓஹையோவின் கர்ட்லண்டில் ஜோஷுவா செய்க்ஸஸ் என்ற ஆசிரியரிடம் ஸ்மித் எபிரேயம் கற்றார். ஏலோஹீம் என்பது பன்மை வடிவம் என்ற செய்தி அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. 1842இல் அவர் வெளியிட்ட ஆபிரகாமின் புத்தகத்தில் படைப்புக் கதையின் எழுவாய் பன்மையாகிவிடுகிறது. வானத்தையும் பூமியையும் 'தேவர்கள்' ஒழுங்குபடுத்தி அமைத்தார்கள்.

4. 1843இல், மேலே கண்ட மாம்சமும் எலும்பும்.

1820இல் 14 வயதில் ஒரு தோப்பில் பிதாவையும் குமாரனையும் இரண்டு ஆட்களாகக் கண்டதாக ஸ்மித் சொன்ன காட்சியைச் சபை இதற்கெல்லாம் ஆதாரமாக வைக்கிறது. ஆனால் அந்தக் காட்சியைப் பற்றி 1832இல் அவர் தம் கையால் எழுதிய முதல் குறிப்பு 'கர்த்தரை'க் கண்டதாக மட்டுமே சொல்கிறது. இரண்டு ஆட்கள் தெளிவாக வருவது பிந்திய குறிப்புகளில்தான். முரண்பாடு என்பார் சிலர். ஒரே அனுபவத்தின் வேறு வேறு அழுத்தங்கள் என்பார் சிலர். கொள்கை காலத்தோடு வளர்ந்தது என்பதை மட்டும் இரு தரப்பும் மறுக்க முடியாது. தொடர்ந்து வெளிப்பாடு வரும் என்று நம்பும் சபைக்கு அதில் வெட்கப்பட ஏதும் இல்லை என்பது என் எண்ணம்.

எதுவும் இன்மையிலிருந்து வரவில்லை

ஆணிவேர் இங்கே இருக்கிறது. 1833 மே மாதம் தந்த ஒரு வெளிப்பாட்டில், அறிவு அல்லது சத்தியத்தின் ஒளி படைக்கப்படவில்லை, படைக்கப்படவும் முடியாது என்றார் ஸ்மித். பத்து ஆண்டுகள் கழித்து இன்னொன்றும் சொன்னார்: பொருள்தன்மை இல்லாத பொருள் என்று ஒன்று கிடையாது; ஆவியும் பருப்பொருளே, நம் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்மையானது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பருப்பொருள் என்றும் உள்ளது. ஒவ்வொரு மனிதரின் உள்ளிருக்கும் அறிவு என்ற அடிப்படையும் என்றும் உள்ளது. கடவுள் அந்த அறிவுக்கு ஆவியுடல் தந்து தம் பிள்ளையாக்குகிறார். பின்னர் பூமியில் மாம்ச உடல் கிடைக்கிறது. ஆகவே, படைப்பு என்றால் ஒழுங்குபடுத்துதல். குயவர் மண்ணைப் படைப்பதில்லை, பானையைத்தான் படைக்கிறார். உடலில்லாத கடவுள் என்பதற்கு இந்த அமைப்பில் இடமே இல்லை. உடல் இங்கே குறைபாடு அன்று, அடைய வேண்டிய பேறு.

சைவ சித்தாந்தம் அறிந்த வாசகருக்கு இது பாதி வழி பழகிய பாதையாகத் தோன்றும். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி. உயிரை இறைவன் படைக்கவில்லை என்பதே அங்கும் நிலைப்பாடு. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. ஒப்புமையும் அதற்கு மேல் செல்லாது. சித்தாந்தத்தில் பசு ஒருநாளும் பதியாகாது, பதி ஒருநாளும் பசுவாக இருந்ததில்லை. ஸ்மித் அந்த வேலியைத்தான் பிடுங்கினார்.

கிணற்றில் இறந்தவருக்காக ஒரு பிரசங்கம்

1844 மார்ச்சில், இல்லினாயின் நாவூ நகரில் கிணறு கட்டிக்கொண்டிருந்த கிங் ஃபாலெட் என்பவர், மேலிருந்து விழுந்த கற்களால் நசுங்கி இறந்தார். 'கிங்' என்பது அவர் பெயர், பட்டம் அன்று. ஏப்ரல் 7 அன்று சபை மாநாட்டில், ஆயிரக்கணக்கானோர் முன் திறந்த வெளியில், அவருடைய நினைவாக ஸ்மித் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். இறந்தவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய, கடவுள் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் அறிய வேண்டும் என்று தொடங்கி அவர் சொன்னது: கடவுளே ஒருகாலத்தில் நம்மைப் போல இருந்தவர், மேன்மையடைந்த மனிதர், அவர் என்றென்றும் கடவுளாகவே இருந்தார் என்று நீங்கள் கருதிவந்ததை நான் மறுக்கப் போகிறேன்.

ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் 'சிருஷ்டித்தார்' என்று நாம் வாசிக்கும் எபிரேயச் சொல்லுக்கு 'ஒழுங்குபடுத்தினார்' என்றே பொருள் என்றும் வாதிட்டார். பிதா செய்யக் காண்பதையே குமாரன் செய்கிறார் என்று யோவான் 5:19 சொல்கிறது. இயேசு உடலெடுத்து, அதை விட்டு, மீண்டும் எடுத்தார் என்றால், பிதாவும் முன்பு அதையே செய்திருக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. ஜூன் 16 அன்று இன்னும் ஓர் அடி வைத்தார்: இயேசுவுக்குத் தந்தை உண்டென்றால், அந்தத் தந்தைக்கும் ஒரு தந்தை இருந்திருக்கக் கூடாதா?

இதற்கிடையில், சபையிலிருந்து பிரிந்தவர்கள் ஜூன் 7 அன்று நாவூவில் ஒரு செய்தித்தாளை அச்சிட்டார்கள். ஸ்மித்தின் பலதார மணத்தோடு, கடவுளர் பலர் என்ற போதனையையும் அது குற்றச்சாட்டாக வைத்தது. ஒரே ஓர் இதழ்தான் வந்தது. நகரசபை உத்தரவின் பேரில் அச்சகம் உடைக்கப்பட்டது. அந்த விவகாரத்தில் சிறைப்பட்ட ஸ்மித், ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 38. சொன்னதை விரித்துரைக்கவோ திருத்தவோ அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

நமக்கு எஞ்சியிருப்பது, வில்லர்ட் ரிச்சர்ட்ஸ், வில்ஃபர்ட் உட்ரஃப், வில்லியம் கிளேட்டன், தாமஸ் புல்லக் ஆகிய நால்வரும் காற்று வீசும் வெளியில் விரைந்து எடுத்த குறிப்புகள். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகாவிட்டாலும் அடிப்படையில் நால்வரும் ஒரே செய்தியையே பதிவு செய்திருக்கிறார்கள். இந்தப் பிரசங்கம் இன்றுவரை வேதத்தில் சேர்க்கப்படவில்லை. மனிதன் இருப்பதுபோல் கடவுள் ஒருகாலத்தில் இருந்தார், கடவுள் இருப்பதுபோல் மனிதன் ஆகலாம் என்ற பொருளில், பின்னாளில் சபைத் தலைவரான லோரென்சோ ஸ்நோ 1840இல் அமைத்த ஈரடியும் அப்படியே; மனப்பாடமாகப் பரவியது, வேதமாகவில்லை.

அப்படியானால் கடவுளுக்கும் ஒரு கடவுளா?

பிரசங்கத்தை இரண்டு விதமாக வாசிக்கிறார்கள்.

1. முடிவில்லாத் தலைமுறை. பிதாவுக்கு ஒரு பிதா, அவருக்கும் ஒரு பிதா என்று தொடக்கமே இல்லாமல் போகும் வம்சாவளி. 19ஆம் நூற்றாண்டுத் தலைவர்களான பிரிகம் யங், ஆர்சன் பிராட் ஆகியோர் இப்படித்தான் புரிந்துகொண்டார்கள். முதல் கடவுள் யார் என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. கேள்வியே பொருந்தாது என்பதுதான் விடை.

2. தலைமைக் கடவுள். இயேசு பூமிக்கு வரும் முன்பே தெய்வமாக இருந்தார் என்பது மார்மன் போதனை. பிதா 'இயேசுவைப் போலவே' ஓர் உலகில் வாழ்ந்தார் என்றுதான் ஸ்மித் ஒப்பிட்டார். ஆகவே பிதாவும் தெய்வமாக இருந்தபடியே உடலெடுத்து வந்தார், அவருக்கு மேல் ஒருவரும் இல்லை என்று இக்காலத்து மார்மன் சிந்தனையாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள்.

இரண்டாவது வாசிப்புக்குத் தேவை ஏற்பட்டதற்கு அவர்களுடைய வேதமே காரணம். கடவுள் நித்தியத்திலிருந்து நித்தியம் வரை மாறாதவர் என்று மார்மன் புத்தகத்தின் மொரோனி 8:18 சொல்கிறது. எனக்குமுன் ஏற்பட்ட தேவன் இல்லை, எனக்குப்பின் இருப்பதும் இல்லை என்கிறது ஏசாயா 43:10. முதல் வாசிப்பை ஏற்பவர்கள், இந்த வசனங்கள் நம் உலகத்தின் எல்லைக்குள் பேசுகின்றன என்று சொல்லியாக வேண்டும். சபை இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அறிவித்ததில்லை.

கடவுள் ஒருகாலத்தில் மனிதராக இருந்தார் என்று சபை போதிக்கிறதா என 1997இல் அன்றைய தலைவர் கார்டன் ஹிங்க்லியிடம் டைம் இதழ் கேட்டபோது, அதை நாம் போதிப்பதாகத் தமக்குத் தெரியவில்லை, வலியுறுத்துவதாகவும் தெரியவில்லை என்ற பொருளில் விடையளித்தார். விமர்சகர்கள் ஒளிக்கிறார் என்றார்கள். ஊர் முழுவதும் தெரிந்த ஈரடியைத் தெரியாதது போலப் பேசியது சங்கடமான விடைதான். ஆனால் 'வலியுறுத்துவதில்லை' என்ற பகுதி உண்மை. இன்றைய சபைப் பாடங்களில் கடவுளின் கடந்தகாலம் அரிதாகவே வருகிறது, மனிதரின் எதிர்காலமே மிகுதியாக வருகிறது.

முன்னோடித் தலைவர் சொன்னது கைவிடப்படவும் கூடும். ஆதாமே நம் பிதா, நமக்குரிய கடவுள் என்று 1852 ஏப்ரலில் பிரிகம் யங் பிரசங்கித்தார். பல ஆண்டுகள் அதை விடவும் இல்லை. 1976இல் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் அந்தக் கொள்கையைக் கண்டித்து ஒதுக்கினார். கடவுளின் அறிவு இன்னும் வளர்கிறதா என்பதிலும் இதே நிலை. வளர்கிறது என்றார் யங். அது கொடிய தவறு என்று 1980இல் சபையின் உயர்தலைவர்களுள் ஒருவரான அப்போஸ்தலர் புரூஸ் மக்கான்கி அறிவித்தார்.

பரலோகத் தாய்

பிதா என்பது உவமை அன்று, நேர்ப்பொருள் என்றால், தாய் எங்கே? 1845இல் மார்மன் கவிஞர் எலைசா ஸ்நோ தம் கவிதை ஒன்றில் இதைக் கேட்டு, பரலோகத்தில் பெற்றோர் ஒற்றையாளாக இருப்பது அறிவுக்குப் பொருந்துமா என்று தானே விடையும் தந்தார். 1909இல் சபைத் தலைமையின் அறிக்கையில் தாய் இடம்பெற்றார். 1995இன் குடும்ப அறிக்கை, ஒவ்வொரு மனிதரும் 'பரலோகப் பெற்றோரின்' பிள்ளை என்கிறது. ஆனால் அவரைப் பற்றிய விவரம் எதுவும் வேதத்தில் இல்லை. அவரை நோக்கி வேண்டுதல் செய்வது தகாது என்று 1991இல் ஹிங்க்லி கூறினார். தாய் உண்டு, அவரிடம் பேசக் கூடாது என்ற இந்த நிலை, சபைப் பெண்கள் பலருக்கு ஆறுதலையும் வலியையும் ஒருசேரத் தருகிறது.

கோள் கிடைக்குமா?

மனிதர் கடவுளாகலாம் என்பது வேதத்திலேயே இருக்கிறது. நித்தியத் திருமண உடன்படிக்கையைக் காத்தவர்கள் 'தேவர்களாயிருப்பார்கள்' என்று கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 132ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு மேன்மை நிலை என்று பெயர். கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர் (உடன் வாரிசுகள்) என்ற ரோமர் 8:17ஐயும் துணைக்கு எடுக்கிறார்கள். அந்த நிலையை அடைந்தவர் பிதாவுக்குப் போட்டியாளர் ஆவதில்லை. என்றும் அவரையே வணங்குவார். பிள்ளைகள் பெருகப் பெருகத் தந்தையின் மகிமை பெருகும் என்பது கணக்கு.

சொந்தக் கோள் என்ற படிமம் இதிலிருந்து ஊதிப் பெரிதாக்கப்பட்டது. முந்தைய தலைவர்கள் சிலர் உலகங்களைப் படைப்பது பற்றிப் பேசியது உண்மை. 2014இல் சபை வெளியிட்ட கட்டுரை, கோள் கேலியோடு தங்களை அடையாளப்படுத்திக்கொள்ளும் உறுப்பினர் மிகச் சிலரே என்று சொல்லி, குடும்ப உறவு நீடிப்பதையே மையமாக வைத்தது.

ஹக்கபியின் கேள்வியும் வத்திக்கானின் முடிவும்

இப்போது அந்தச் சகோதரர் கேள்விக்கு வரலாம். எல்லா ஆவிகளும் பிதாவின் பிள்ளைகள், இயேசு முதற்பேறானவர், லூசிபர் என்ற சாத்தான் கலகம் செய்து விழுந்த ஆவி. ஆகவே, அவ்விருவரும் நாமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது தர்க்கப்படி சரி. இருவரும் சமம் என்று கேட்பவர் காதில் விழும்படி கேட்டதுதான் ஹக்கபியின் சாமர்த்தியம். மற்ற கிறிஸ்தவர்களுக்கு இயேசு படைத்தவர், சாத்தான் படைக்கப்பட்டவன். நடுவே கடக்க முடியாத அகழி. மார்மன்களுக்கு அந்த அகழியே இல்லை.

ஸ்மித்தைப் பின்பற்றுகிறவர்கள் அனைவரும் இவ்வளவு தூரம் போனதில்லை. அவருடைய மகனின் தலைமையில் 1860இல் அமைந்த பிரிவு, இன்று கிறிஸ்துவின் சமூகம் என்ற பெயரில் மிசௌரியின் இண்டிபெண்டென்ஸ் நகரிலிருந்து இயங்குகிறது. மார்மன் புத்தகத்தை வைத்திருந்தும் அது திரித்துவத்தையே ஏற்கிறது. கடவுள் முன்பு மனிதர் என்ற போதனை அங்கே இல்லை.

2001 ஜூன் 5 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், மார்மன்களின் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. லூத்தரன், ஆங்கிலிக்கன் போன்ற சபைகளில் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. மாறி வருபவருக்கு மறுபடி கொடுப்பதில்லை. மார்மன்களும் தண்ணீரில் முழுக்கி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற பெயர்களைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சொல் ஒன்றானாலும் சுட்டப்படுபவர் திரித்துவக் கடவுள் அல்லர் என்பது வத்திக்கான் தந்த காரணம். மறுபக்கத்தில் இதற்கு அவ்வளவாக அதிர்ச்சி எழவில்லை. கத்தோலிக்கர் ஒருவர் மார்மன் சபையில் சேர்ந்தால், அங்கேயும் அவர் முதலிலிருந்து தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும். 1830 முதல் அப்படித்தான்.